படகுக்கு எட்டு லட்சம், தரைக்குப் பூஜ்யம்

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் சிவில் இஞ்சினியர் இல்லை. படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி உத்தியோகம். படகு ஓட்டத் தெரியாது, நீச்சலும் சுமார்தான். அப்படிப்பட்டவன் படகையும் டிரெய்லரையும் எந்தத் தரையில் நிறுத்தி வைக்கணும்னு எழுத வந்தால், 'உனக்கெதுக்குய்யா இந்த வேலை?'ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கு.

2022 பிப்ரவரி. அப்போது கோவாவில் ஒரு கிளையில் இருந்தேன். ஒருவர் கடனுக்கு வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். சுற்றுலா வருகிறவர்களைச் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பறவைகளும் முதலைகளும் காட்டுகிற தொழில். ஒருநாள் மாண்டோவி ஆற்றில் சோராவ் தீவுப் பக்கம், மறுநாள் கும்பார்ஜுவா கால்வாய், இன்னொரு நாள் ஜுவாரி ஆறு. இடம் மாறிக்கொண்டே இருப்பதால் படகை டிரெய்லரில் வைத்து ஜீப்பில் இழுத்துப் போவார். அதுவரை வாடகைப் படகு. சொந்தமாக வாங்க ஆசைப்பட்டார்.

கொட்டேஷன் கொடுத்தார். 17 அடி ஃபைபர் படகு, வெளியே மாட்டும் எஞ்சின், டிரெய்லர், லைஃப் ஜாக்கெட் வகையறா. ஐந்தாவது வரியில் 'படகு நிறுத்தும் இடத்தில் தரை அமைக்க - 42,000'. மொத்தம் 8,42,000.

"இது என்ன?"ன்னு கேட்டேன்.

"வீட்டுக்குப் பின்னாடி நிறுத்தப் போறேன் சார். அங்கே மண் சரியில்லை. ஜல்லி கொட்டணும்"னார்.

"வீட்டுக்குப் பின்னாடி ஜல்லி கொட்டறதுக்கெல்லாம் கடன் கிடையாது. அதுல வருமானம் வராது"ன்னு சொல்லி அந்த வரியைச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன். 8,42,000 அழகாக 8,00,000 ஆனது. முழு எண்ணைப் பார்த்தால் வங்கிக்காரனுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது தனி. அவரும் மறுபேச்சு பேசவில்லை. பேசினால் மீதியும் போய்விடுமோ என்று நினைத்திருப்பார்.

மார்ச்சில் படகு வந்தது. தொழில் நன்றாகவே போனது. மே கடைசியில் படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து, வீட்டுக்குப் பின்னால் புல் தரையில் நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டினார். மேற்குக் கரையில் மழைக்காலம் என்றால் படகு கரையில்தான். மீன்பிடி விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. சுற்றுலாப் படகுகளுக்கு அதைவிட நீண்ட ஓய்வு, செப்டம்பர் வரை போகும். அந்த மாதங்களுக்கான தவணைப் பணத்தை மே மாதமே தனியாக எடுத்து வைத்திருந்தார். அவ்வளவு ஒழுங்கான ஆள்.

செப்டம்பர் கடைசியில் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். படகு மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு கிடந்தது.

என்ன நடந்தது என்பதை அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

டிரெய்லருக்குப் பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் கொக்கிப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம். அந்தக் குட்டிச் சக்கரத்தை உயர்த்தி, படகின் மூக்கு மேலேயும் பின்பக்கம் கீழேயும் இருக்கும்படி நிறுத்துவார்கள். படகின் பின்பக்க அடியில் ஒரு ஓட்டை உண்டு. அதன் தக்கையைக் கழற்றி வைத்துவிட்டால் உள்ளே விழுகிற மழைத்தண்ணீர் பின்னால் ஓடி வெளியே போய்விடும். அவரும் தக்கையைக் கழற்றித்தான் வைத்திருந்தார். தவறே செய்யவில்லை.

ஆனால் ஜூன் மாத மழையில் மண் ஊறியது. குட்டிச் சக்கரம் மெல்லப் புதைந்தது. மூக்கு இறங்கியது. தக்கை ஓட்டை இருக்கிற பின்பக்கம் உயர்ந்துவிட்டது. இப்போது தண்ணீர் முன்பக்கம் தேங்கத் தொடங்கியது. தேங்கத் தேங்க முன்பக்க எடை கூடியது, குட்டிச் சக்கரம் இன்னும் புதைந்தது, இன்னும் தேங்கியது. வட்டிக்கு வட்டி போடுகிற கணக்கு மாதிரியேதான். தார்ப்பாயும் ஒரு பக்கமாகத் தொங்கிக் குளம் கட்டி ஒருநாள் கிழிந்தது. அவர் அந்தச் சமயம் மனைவியின் சிகிச்சைக்காக வெளியூரில். திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஃபைபர் அழுகாது என்று நினைக்கிறோம். சரிதான், ஃபைபர் அழுகாது. ஆனால் பல படகுகளில் அடித்தளத்திலும், எஞ்சின் மாட்டுகிற பின்பலகையிலும் ஃபைபருக்குள் பிளைவுட் இருக்கிறது. ஒரு சின்ன ஆணித்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் அது வாரக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும். இவர் படகின் தளம் கால் வைத்தால் அமுங்கியது. டிரெய்லரின் ஸ்பிரிங் பட்டைகள் வளைந்திருந்தன. புல்லில் உரசிக்கொண்டிருந்த அச்சு முழுக்கத் துரு.

இன்ஷூரன்ஸில் கேட்டார்கள். 'படிப்படியாக ஏற்பட்ட சேதம், பாலிசியில் வராது' என்று பதில் வந்தது. பாலிசியைப் படித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பழுதுபார்க்க 1,40,000. படகு மறுபடி தண்ணீரில் இறங்க டிசம்பர் பாதி ஆகிவிட்டது. அக்டோபரும் நவம்பரும் போச்சு. இரண்டு தவணை தவறியது. 90 நாள் தாண்டினால் கணக்கு என்.பி.ஏ. கிறிஸ்துமஸ் கூட்டம் வந்து காப்பாற்றியதால் தப்பித்தோம். ('தோம்' என்று எழுதுகிறேன் பாருங்கள். அவர் தொழில் தப்பித்தது, என் கிளைக் கணக்கு தப்பித்தது.)

இத்தனைக்கும் அவர் அந்த ஐந்தாவது வரியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதனால்தான் இந்தப் பதிவு. என் கட்சி இதுதான்: வெளியில் நிற்கிற படகுக்குத் தரையும் படகின் ஒரு பாகம். எஞ்சின் எப்படியோ அப்படி. அதை வாங்குகிறவரும் கணக்கில் சேர்க்க வேண்டும், கடன் கொடுக்கிறவரும் சேர்க்க வேண்டும்.

தரை என்றதும் எல்லோரும் 'கெட்டியா இருந்தா போதும்'னு நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கெட்டி என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, விழுகிற தண்ணீர் எங்கே போகும் என்பது. ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். அந்தப் படகின் பரப்பு சுமார் 5 மீட்டருக்கு 2 மீட்டர், ஆக 10 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மி.மீ. பெய்தால் 1000 லிட்டர். ஒரு டன்! படகு, எஞ்சின், டிரெய்லர் எல்லாம் சேர்ந்தே ஒரு டன்னுக்குள்தான். தண்ணீர் வெளியே போக வழியில்லை என்றால் ஒரே நாளில் பாரம் இரட்டிப்பு. கோவாவில் வருடத்துக்குச் சுமார் 3000 மி.மீ. மழை, சென்னையைப் போல இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி படகு கரையில் நிற்கிற அந்த நாலு மாதத்திலேயே கொட்டிவிடுகிறது.

சரி, என்னென்ன தரை இருக்கிறது? அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் நான் போகிற இடமெல்லாம் படகுக்குக் கீழேயே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பார்த்ததையும் கேட்டதையும் சொல்கிறேன்.

புல்லும் வெறும் மண்ணும்: செலவே இல்லை, அதனால் எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். மண் ஊறினால் சக்கரம் புதையும். புதையாவிட்டாலும் புல் ஈரத்தை விடாது. அடியிலிருந்து எழுகிற ஈரம் அச்சு, ஸ்பிரிங், பிரேக் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே உப்புத்தண்ணீர் பார்த்த இரும்பு அது. கேட்கவா வேண்டும். எலி, பாம்பு, கரையான் எல்லாம் இலவச இணைப்பு.

மண்மேல் பிளாஸ்டிக் ஷீட்: இதை நிறைய பேர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கீழே இருக்கிற ஈரம் மேலே வராது என்பது பாதி உண்மை. மேலே விழுகிற தண்ணீர் கீழே போகாது என்பது மீதி உண்மை. குளத்தில் படகு நிறுத்தியது போல ஆகும்.

செம்புரைக்கல்: கோவா, கொங்கணம், கேரளா முழுக்க வீடும் மதிலும் இந்தக் கல்தான். (1807-ல் புக்கானன் என்ற வெள்ளைக்காரர் மலப்புறம் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்துத்தான் 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் செங்கல் என்று அர்த்தம்.) வெட்டி எடுக்கும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப்பட இறுகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தரைக்கும் பரப்புகிறார்கள். ஆனால் கல்லில் துளைகள் அதிகம், தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் போனால் பாசி. படகை இறக்குகிறவர் வழுக்கி விழுந்தால் அதற்கு யார் இன்ஷூரன்ஸ் கொடுப்பது?

பேவர் பிளாக்: பார்க்க ஜோர். ஆனால் அது தரை இல்லை, தரைக்கு மேல் போடுகிற சட்டை. கீழே ஜல்லி போட்டு இடித்து இறுக்காமல், சுற்றிலும் விளிம்புக்கல் கட்டாமல், மணலைப் பரப்பி மேலே அடுக்கிவிட்டால் முதல் பெருமழையில் மணல் கரைந்து ஓடும். சக்கரம் நிற்கிற இடத்தில் மட்டும் பள்ளம் விழும்.

முழு கான்கிரீட்: புதையாது, தள்ள சுலபம். ஆனால் செலவு அதிகம். சரிவு சரியாக இல்லாவிட்டால் அதுவும் குளம்தான். மீட்டருக்கு ஒரு செ.மீ. வீதம் சரிவு இருந்தால் போதும், அதை வீட்டுப் பக்கம் கொடுக்கக் கூடாது, பக்கத்து வீட்டுப் பக்கமும் கூடாது. (இரண்டாவது தப்பு முதலாவதைவிடப் பெரிய செலவு வைக்கும்!) வாடகை இடமாக இருந்தால் காலி செய்யும்போது கான்கிரீட்டைச் சுருட்டி எடுத்துப்போக முடியாது.

ஜல்லி: என் ஓட்டு இதற்குத்தான். தண்ணீர் விழுந்த நிமிடமே கீழே இறங்கிவிடும், அடியில் காற்று ஓடும், புல் குறையும், வேண்டாம் என்றால் அள்ளிக்கொண்டு போகலாம்.

இங்கே நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கிலீஷ்காரன் எழுதியதைப் படித்துவிட்டு 'கிராவல் போட்டா போதுமாம்'னு நம்மூர் லாரிக்காரரிடம் சொன்னால், அவர் நேர்மையாகச் சிவப்பு மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவார். நம்மூரில் கிராவல் என்றால் அதுதான். மழையில் அது சேறு. கேட்க வேண்டியது உடைத்த கருங்கல் ஜல்லி. கூழாங்கல்லும் வேண்டாம், அது உருளும். உடைத்த கல்லுக்கு முனை இருப்பதால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கிரஷர் தூள் கலக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும், தூள் இடுக்கையெல்லாம் அடைத்துவிடும்.

வெறும் மண்ணில் ஜல்லியைக் கொட்டினால் இரண்டு வருடத்தில் ஜல்லி மண்ணுக்குள் போய், மண் மேலே வந்துவிடும். அதனால் மேல்மண்ணை ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டு, ஜியோடெக்ஸ்டைல் என்கிற துணியை விரிக்க வேண்டும். இது தண்ணீரை விடும், மண்ணை விடாது. அதன்மேல் முதலில் 40 மி.மீ. ஜல்லி, இடித்து இறுக்கிய பின் 20 மி.மீ. ஜல்லி. 8 மீட்டருக்கு மூன்றரை மீட்டர் இடத்தில் 15 செ.மீ. உயரம் என்றால் 4.2 கன மீட்டர். சுமார் 150 கன அடி. நம்ம கணக்கில் ஒன்றரை யூனிட், மகாராஷ்டிரா பக்கம் ஒன்றரை பிராஸ் என்பார்கள். அவ்வளவுதான் விஷயம்!

ஜல்லிக்கும் ஒரு குறை உண்டு. டிரெய்லரைக் கையால் தள்ளுகிறவர்களுக்கு அது நரகம். ஜீப்பில் இழுப்பவருக்குப் பிரச்சினை இல்லை. கையால் தள்ளுகிறவர்கள் சக்கரம் ஓடுகிற இரண்டு தடத்தில் மட்டும் இரண்டடி அகலத்துக்குக் கான்கிரீட் பட்டை போட்டு, நடுவிலும் ஓரத்திலும் ஜல்லி போட்டுவிடலாம். முழு கான்கிரீட்டைவிடச் செலவு ரொம்பக் குறைவு, தண்ணீருக்கும் வழி இருக்கும்.

எந்தத் தரையானாலும் குட்டிச் சக்கரத்தை மறக்காதீர்கள். பெரிய டயர் ஏறக்குறைய அதன் காற்றழுத்தம் அளவுக்குத்தான் தரையை அழுத்தும். குட்டிச் சக்கரம் கெட்டியானது, தரையைத் தொடுவதோ ரெண்டு விரல் அகலம். எடை குறைவாக இருந்தாலும் அதுதான் முதலில் புதையும். அதன் கீழே ஒரு கான்கிரீட் பலகையோ தடித்த இரும்புத் தகடோ வைத்தால் பாரம் பரவிவிடும். மாதக்கணக்கில் நிறுத்தினால் டிரெய்லர் சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்து டயரின் பாரத்தைக் குறைப்பது நல்லது. தென்னை மரத்தடியில் நிறுத்தக் கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை :-)

இதெல்லாம் புது ஞானம் ஒன்றும் இல்லை. நம் கடற்கரையில் கட்டுமரக்காரர்கள் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப்போடுவார்கள். சின்ன வயதில் பார்த்தபோது, எதுக்கு தினமும் அவிழ்த்துக் கட்டுறாங்கன்னு தோன்றியிருக்கிறது. காய்ந்தால்தான் மரம் மிதக்கும், நிலைக்கும். தண்ணீரை நிற்க விடாத மணல் அவர்களுக்குச் சும்மா கிடைத்தது. கடலைவிட்டு வீட்டுக்குப் பின்னால் படகைக் கொண்டுபோனால் அந்த மணலை நாம்தான் காசு கொடுத்து உண்டாக்க வேண்டும். ஜல்லி என்பது அதுதான்.

இப்போது என் சொந்த ஜாதிக்கு வருகிறேன், அதாவது வங்கிக்காரர்கள். கறவை மாட்டுக்குக் கடன் கொடுக்கும்போது கொட்டகைக்கும் சேர்த்துத்தான் திட்டம் போடுகிறோம். 'கொட்டகை பால் கறக்குமா?'ன்னு யாரும் கேட்பதில்லை. கோழிப்பண்ணைக்கும் ஷெட் உண்டு. படகு என்று வந்தால் மட்டும் அது எங்கே நிற்கும், எதன்மேல் நிற்கும் என்று ஒரு கட்டம் கூட விண்ணப்பத்தில் நான் பார்த்ததில்லை. வருடத்தில் எட்டு மாதம் சம்பாதிக்கிற சொத்து, மீதி நாலு மாதம் எப்படி இருக்கும் என்று கேட்பதும் கடன் பரிசீலனைதான்.

'எல்லாத்தையும் கடன்ல சேர்த்தா தவணை ஏறுமே'ன்னு ஒரு சீனியர் சொன்னார். ஏறும். 42,000 ரூபாயை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் அசல் மாதம் 700, வட்டி தனி. அதை மிச்சம் பிடித்ததில் அவருக்குப் போனது 1,40,000-மும் இரண்டு மாத சீசனும். எந்தப் பக்கம் பற்று, எந்தப் பக்கம் வரவு என்று பி.காம். முதல் வருடப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.

அவர் 2023 மே மாதம் கைக்காசில் ஜல்லி போட்டார். அந்த மழைக்காலத்தில் நான் ஜூலையிலேயே, கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். படகு மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பின்னாலிருந்து தண்ணீர் ஒழுகி ஜல்லிக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தது. "என்ன சார், மழையில வந்திருக்கீங்க?"ன்னு ஆச்சரியப்பட்டு டீ கொடுத்தார். அன்றைக்குத்தான், அந்த ஐந்தாவது வரியை அடித்தது என் தப்பு என்று அவரிடம் சொன்னேன். "விடுங்க சார், நானும் அப்பவே சொல்லியிருக்கணும்"னார்.

இப்போது வேறு மாநிலம், கடலே இல்லாத ஊர். ஆனாலும் எந்தக் கொட்டேஷன் வந்தாலும் கடைசி வரியை இரண்டு தடவை படிக்கிறேன். அடிக்கிறதுக்கு முன்னால் "இது எதுக்கு?"ன்னு கேட்டுவிட்டு, பதிலையும் கடைசி வரை கேட்கிறேன்.

பி.கு.: உங்கள் ஊரில் மழைக்காலத்தில் படகை எப்படி வைக்கிறார்கள்? கன்னியாகுமரி, கேரளா, அந்தமான் பக்கம் இருக்கிறவர்கள் விவரம் தெரிந்தால் எழுதுங்கள். நான் சொன்னதில் தப்பு இருந்தால் சிவில் இஞ்சினியர் நண்பர்கள் தாராளமாகத் திருத்தலாம். சிவப்பு மையிலேயே கூட.